மேகமா, பட்டையா? ஊர்க்காரர்கள் எழுதித் தந்த பதில்களை எப்படிக் காட்டுவது

எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன்னால் வீடு வீடாக ஒரு தாள் கொடுத்தோம். வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்வியைக் கூகுள் ஃபார்மாகவும் போட்டோம். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நம் நகரில் முதலில் சரிசெய்ய வேண்டியது எது?" கீழே நாலு வரி எழுத இடம். பதில்கள் குவிந்தன. இனி அதை ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அன்று ராத்திரியே சொல்மேகம் (அதிகம் வரும் சொல்லைப் பெரிய எழுத்தில் காட்டும் படம்) ஒன்றைத் தயாரித்துக் குழுவில் போட்டேன். நடுவில், பெரிய நீல எழுத்தில், 'வேண்டும்'. அதன் தோளில் 'எங்கள்'. சுற்றிலும் 'மிகவும்', 'உடனடியாக', 'இல்லை'. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் தலைவர் போனில் கூப்பிட்டார். "படம் ரொம்ப அழகா இருக்கு தம்பி. வேண்டும்னு தெரியுது. என்ன வேண்டும்னுதான் தெரியல."

அதற்குப் பிறகு அதே பதில்களை வேறு வேறு விதமாகச் செய்து பார்த்தேன்: சுத்தம் செய்த மேகம், கையால் வகை பிரித்துப் போட்ட பட்டை வரைபடம், பதில்களையே எடுத்துப் போட்ட தாள், தெருவாரி அட்டவணை. மேகமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தமிழில் எழுதிய பதில்களை வைத்து ஒரு முடிவெடுக்க வேண்டும் என்றால், மேகத்தைக் கடைசியில் யோசிக்கலாம் என்பது என் கட்சி.

மேகம் எதை எண்ணுகிறது

சொல்மேகத்தின் கணக்கு ரொம்ப எளிது. பதில்களையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டு, சொல் சொல்லாக வெட்டு, எது எத்தனை தடவை வருகிறதோ அதற்கேற்ற அளவில் எழுது. 2008இல் ஜோனதன் ஃபைன்பெர்க் உருவாக்கிய வேர்டில் என்ற இணையக் கருவிதான் இதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. (இன்று ஐந்தெழுத்து கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு அதே பெயரில் வந்த வேறொன்று.) இப்போது இலவச இணையதளங்கள் ஏராளம். கூட்டம் நடக்கும்போதே எல்லோரும் செல்போனில் பதில் தட்டினால், திரையில் மேகம் வளர்வதைக் காட்டும் மென்டிமீட்டர் போன்ற சேவைகளும் உண்டு.

எந்த மொழிக்கும் பொதுவான குறை ஒன்று இதில் இருக்கிறது: நம் கண்ணுக்கு எழுத்தின் பரப்பை ஒப்பிடும் திறமை குறைவு. 1984இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் சோதித்துச் சொன்னார்கள்: ஒரே அளவுகோலில் வரிசையாக நிறுத்திய புள்ளிகளையும் பட்டைகளையும் மனிதர்கள் சரியாக ஒப்பிடுகிறார்கள், பரப்பளவை ஒப்பிடும்போது தடுமாறுகிறார்கள். மேகத்தில் இன்னொரு கோளாறும் சேர்கிறது. நீளமான சொல் தானாகவே அதிக இடம் பிடிக்கும். 'தெருவிளக்கு'ம் 'நாய்'உம் சரிசமமாக வந்திருந்தாலும் தெருவிளக்குதான் ஜெயித்த மாதிரி தெரியும்.

எழுத்தின் அளவாவது எண்ணிக்கைக்குச் சரியாக இருக்குமா என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. பைத்தான் என்ற நிரல்மொழியில் பலரும் பயன்படுத்தும் வேர்ட்கிளவுட் நூலகத்தில் (நூலகம் என்றால் இங்கே ஆயத்த நிரல்களின் தொகுப்பு), எழுத்தின் அளவை எண்ணிக்கை எவ்வளவு தீர்மானிக்கலாம் என்பதற்கே தனியாக ஒரு திருகாணி உண்டு. அதை 0இல் வைத்தால் வரிசை மட்டும்தான் கணக்கு. 1இல் வைத்தால் இரண்டு மடங்கு வந்த சொல் இரண்டு மடங்கு பெரிதாகும். நாம் தொடாமல் விட்டால் அது 0.5இல் நிற்கும், அதாவது பார்க்க அழகாக இருக்கும் இடத்தில். நிறமும் இடமும் குருட்டாம்போக்கு. இன்னொரு முறை ஓட்டினால் வேறு படம் வரும்.

தமிழில் வரும் தனி வில்லங்கங்கள்

முதல் முறை ஓட்டியபோது என் திரையில் வெறும் கட்டங்கள் வந்தன. அந்த நூலகத்தோடு வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் காட்டிக்கொடுத்தேன், எழுத்து வந்தது. ஆனால் 'தெரு'வின் ஒற்றைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. படத்தை வரையும் பகுதிக்கு எழுத்துகளைக் கோத்து அடுக்கத் தெரிந்த துணை நூலகம் இல்லாவிட்டால் கொம்பும் காலும் இப்படித்தான் இடம் மாறும். இந்த இரண்டையும் கண்ணால் பார்க்கலாம் என்பதால் ஆபத்து குறைவு.

கண்ணுக்குத் தெரியாதது அடுத்தது. பைத்தானின் வழக்கமான தேடல் விதிக்குத் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எழுத்து' வகையில் சேராது. க, ச, த எல்லாம் எழுத்து. ஆனால் காலும் கொம்பும் விசிறியும் புள்ளியும் காற்புள்ளி, முற்றுப்புள்ளி மாதிரி. அவை வரும் இடத்திலெல்லாம் சொல் வெட்டுப்படும். 'தண்ணீர்' போனால் 'தண', 'ண', 'ர' என்று திரும்பி வரும். 'நூலகம்' போனால் 'ந', 'லகம'. 'தெருவிளக்கு' போனால் மிஞ்சுவதில் பெரியது 'ளக'. இதோடு, இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டுகளைத் தள்ளிவிடும் வழக்கமும் பல கருவிகளில் உண்டு. அப்போது 'குப்பை', 'சாலை', 'பேருந்து' மூன்றும் தடயமே இல்லாமல் மறைந்துவிடும். 'கொசு'வும் அப்படித்தான். கார்ப்பரேஷன் புகை மருந்தால் முடியாததை ஒரு வரி நிரல் முடித்துவைக்கும்!

மருந்து சின்னதுதான். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருக்கும் 128 இடங்களில் எது வந்தாலும் அதைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள் என்று விதியை மாற்றி எழுதினால் போதும். ஆனால் மாற்ற வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். இணையதளத்தில் ஒட்டிப் படம் எடுப்பவருக்கு, உள்ளே என்ன விதி ஓடுகிறது என்பதைப் பார்க்க வழியே இல்லை. ஒரு சோதனை செய்யுங்கள்: 'கொசு' என்று பத்து தடவை தட்டி அந்தக் கருவிக்குள் போடுங்கள். கொசு வந்தால் மேலே போகலாம்.

வெட்டு சரியானாலும் இலக்கணம் விடாது. ஒரே தண்ணீர்க் கஷ்டத்தை நம் ஆட்கள் எப்படியெல்லாம் எழுதியிருந்தார்கள் தெரியுமா? 'தண்ணீர் வரவில்லை', 'தண்ணீருக்கு ரொம்பக் கஷ்டம்', 'தண்ணீரே இல்லை', 'தண்ணி வரல', 'குடிநீர் விநியோகம் சீராக இல்லை', 'மெட்ரோ வாட்டர் வாரம் ஒருநாள்'. மேகத்துக்கு இதில் தண்ணீர், தண்ணீருக்கு, தண்ணீரே, தண்ணி, குடிநீர், வாட்டர் என்று ஆறு வேறு வேறு சொல். ஒரே பிரச்சினை ஆறு பொடி எழுத்தாகச் சிதறி மூலைக்கு மூலை கிடக்கும். சாலை, ரோடு, தெரு கதையும் இதேதான். பஸ்ஸும் பேருந்தும் அப்படியே. கவுன்சிலரா கௌன்சிலரா, பிரச்சினையா பிரச்சனையா என்பதில் ஊரே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இதற்கு மேல், பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள்.

ஏன், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் சொல்லே இரண்டாகப் பிரியலாம். 'கொ'வில் ககரத்தோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். ஒருவர் செல்போன் ஒரு விதம், இன்னொருவர் கம்ப்யூட்டர் வேறு விதம் என்றால், முதலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். செய்யாவிட்டால் மேகத்தில் 'கொசு' இரண்டு இடத்தில் நிற்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே சொல், வேறு வேறு சங்கதி. ஒருவர் எழுதியிருந்தார்: "சாயந்திரம் ஆனா தண்ணி அடிச்சிட்டு பார்க்ல உக்காந்துக்கறாங்க, பொம்பளைங்க நடக்க முடியல." இதை எண்ணிக்கை எங்கே சேர்க்கும்? தண்ணீர்ப் பஞ்சத்தில்!

'இல்லை' இன்னொரு தலைவலி. வழக்கமாகத் தள்ளிவிடும் பொதுச் சொல் பட்டியலில் அது இருக்கும். 'வேண்டும்', 'மிகவும்', 'எங்கள்' கூடவே அதுவும் போகும். ஆனால் 'குப்பை வண்டி வருகிறது, குறை இல்லை' என்று ஒருவரும், 'குப்பை வண்டி வருவதே இல்லை' என்று இன்னொருவரும் எழுதினால், 'இல்லை' இருந்தாலும் போனாலும் மேகத்தில் தெரிவது ஒன்றுதான்: குப்பை, வண்டி. பாராட்டா, புகாரா என்று படத்திடம் கேட்க முடியாது.

சுத்தம் செய்த மேகம்

சரி, இவ்வளவையும் திருத்திவிட்டால்? திருத்தலாம். பொதுச் சொற்களை நீக்கி, வேற்றுமை உருபுகளை வெட்டி, தண்ணி, குடிநீர், வாட்டர் எல்லாவற்றையும் 'தண்ணீர்' என்று மாற்றி எழுதிவிட்டு மேகம் போடலாம். உருபு வெட்டுவதற்கு ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் தமிழுக்கும் ஒரு நிரல் இருக்கிறது. அது வெட்டித் தரும் வேர், பல நேரம் படத்தில் போடும்படியான சொல்லாக இருக்காது. ஆகவே பதில்கள் சில நூறுதான் என்றால் கையால் ஒரு மாற்றுப் பட்டியல் போடுவதே மேல்.

நான் அப்படிச் செய்தேன். இரண்டாவது மேகம் நன்றாகவே வந்தது. தண்ணீர், குப்பை, நாய், விளக்கு என்று ஊர் அதில் தெரிந்தது. ஆனால் அதை முடித்தபோது ஒரு உண்மை உறைத்தது. எந்தப் பதில் எந்த வகை என்று ஏற்கெனவே முழுக்கப் பிரித்தாகிவிட்டது. எண்ணிக்கை கையில் சுத்தமாக இருக்கிறது. அதை எடுத்து, துல்லியமாகப் பார்க்க முடியாத ஒரு படத்தில் போடுவானேன்? அரிசியைக் கல் பொறுக்கிக் களைந்துவிட்டு மறுபடி மண்ணில் கொட்டுகிற கதை.

கையால் பிரித்துப் பட்டை

இந்த வழி பழசு, சலிப்பானது, நம்பகமானது. பதில்களை எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒருவர் என்று தட்டிக்கொள்ளுங்கள். முதல் முப்பது பதிலைச் சும்மா படியுங்கள். படிக்கும்போதே எட்டு பத்து வகைகள் கண்ணில் படும். அவற்றுக்கு ஊர்க்காரர்களின் சொல்லிலேயே பெயர் வையுங்கள். 'திடக்கழிவு மேலாண்மை' வேண்டாம், 'குப்பை வண்டி' போதும். அப்புறம் ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே வகையைக் குறியுங்கள்.

"சாக்கடை அடைச்சு கொசு மொய்க்குது" என்பது சாக்கடையா, கொசுவா? இரண்டிலும் குறிக்கலாம். ஒருவர் பல வகையில் வரலாம் என்று படத்தின் கீழே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் கூட்டிப் பார்த்துவிட்டு "மொத்த ஆளைவிட அதிகம் வருதே" என்று பொருளாளர் எழுந்து நிற்பார். இன்னொரு காரியம்: ஒருவரே எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். இருபது முப்பது பதிலை இரண்டு பேர் தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட்டால், எந்த வகை தெளிவாக இல்லை என்பது உடனே தெரியும். நாங்கள் 'விளக்கு', 'பாதுகாப்பு' இரண்டிலும் முட்டிக்கொண்டோம். "ராத்திரி இருட்டா இருக்கு, பயமா இருக்கு" என்பதை நான் விளக்கில் போட்டிருந்தேன். கூட உட்கார்ந்த அக்கா பாதுகாப்பில் போட்டிருந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

இதில் எண்ணுவது ஆளை. மேகம் எண்ணுவது சொல்லை. எங்கள் பதில்களில் ஒரு மனிதர் தாளின் பின்பக்கம் வரை நாயைப் பற்றியே எழுதியிருந்தார், வரிக்கு வரி நாய். இரண்டாவது மேகத்தில் 'நாய்' அவ்வளவு பெரிதாக வந்ததில் பாதிப் பங்கு அவருடையது. பட்டையில் அவரும் ஒருவர்தான்.

முழுதாகப் பிரிக்க நேரமில்லை என்றால் எக்செல்லின் கவுண்ட்இஃப் (நாம் சொல்வதற்குப் பொருந்தும் கட்டங்களை எண்ணும் சூத்திரம்) கைகொடுக்கும். இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி வைத்து *தண்ணீ* என்று தேடினால் தண்ணீர், தண்ணீரை, தண்ணீருக்கு எல்லாம் அகப்படும். அதுவும் பதில் எத்தனை என்றுதான் எண்ணும், சொல் எத்தனை என்று எண்ணாது. ஆனால் *சாலை* என்று தேடினால் பாடசாலையும் தொழிற்சாலையும் கூடவே வரும். அகப்பட்டதை ஒரு பார்வை பார்க்காமல் எண்ணை வெளியே விடாதீர்கள்.

பட்டைகளைப் படுக்கையாகப் போடுங்கள், தமிழ்ச் சொல் நீளம்; நிறுத்தி வைத்தால் கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டிவரும். பெரியது மேலே. பட்டையின் நுனியில் எண்ணிக்கை. ஒரே நிறம் போதும். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் ஒன்றும் கெடாது. மேகத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன். சின்னச் சொற்களெல்லாம் மை ஒழுகின மாதிரி ஆகிவிட்டன.

எத்தனை பதில் வரை கையால் முடியும்? நாலு வரிப் பதில் இருநூறு என்றால் இரண்டு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாராளம். ஆயிரக்கணக்கில் போனால் கம்ப்யூட்டரைக் கூப்பிடத்தான் வேண்டும். அப்போதும் ஒரு கட்டு பதிலை எடுத்துக் கையால் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

பதிலையே காட்டுவது

பட்டைக்கும் ஒரு ஊனம் உண்டு. அதில் குரல் இல்லை. 'நடைபாதை' என்ற குட்டிப் பட்டை, பட்டியலின் அடியில் கிடந்தது. அதன் பின்னால் இருந்த பதில்களில் ஒன்று இது: "அம்மாவை வீல்சேரில் ரேஷன் கடைக்குக் கூட்டிப்போக ரோட்டு நடுவிலதான் தள்ள வேண்டியிருக்கு." மேகத்தில் 'வீல்சேர்' என்று தூசி அளவுக்கு வந்திருக்கும், வராமலும் போயிருக்கும். பொதுக்குழுவில் இந்த ஒரு வரியைப் படித்தபோது அரங்கில் பேச்சு நின்றது.

ஆனால் வெறும் மேற்கோள்களை மட்டும் போட்டால், பொறுக்கியவர் கைதான் ஓங்கும். எனக்கு நாய் பிடிக்காது என்றால் நாய்க்கடிப் பதிலாகப் பொறுக்கிவிடுவேன். பட்டையும் மேற்கோளும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரே ஒரு வரி, எழுதியவர் பேச்சிலேயே, திருத்தாமல். ஒரு ஜாக்கிரதை: சின்ன ஊரில் "மாடி வீட்டுக்காரர் தண்ணியை எங்க வாசல்ல விடறார்" என்று போட்டால் எழுதியது யார், எழுதப்பட்டது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த மாதிரி வரியை எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை.

தெருவாரி அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை. தாளில் தெருப் பெயர் கேட்டிருந்தால் மட்டும் இது முடியும், ஆகவே அச்சடிக்கும் முன்பே யோசியுங்கள். வகைகள் இடப்பக்கம், தெருக்கள் மேலே, நடுவில் எண்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் மொத்தத்தில் நடுத்தரமாகத் தெரிந்த தண்ணீர்ப் புகார், குழாயின் கடைக்கோடியில் இருக்கும் இரண்டு தெருக்களிலிருந்தே வந்திருக்கிறது என்பதை இது ஒன்றுதான் சொல்லும்.

அப்படியானால் எது எங்கே

கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் அழைப்பிதழ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், மண்டப வாசல் ஃப்ளெக்ஸ்: இங்கெல்லாம் மேகம் போடலாம், சுத்தம் செய்தது. தன் சொல் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஆட்கள் நிற்கிறார்கள். அது பட்டைக்கு வாய்க்காது. கூட்டத் தொடக்கத்தில் 'ஒரே சொல்லில் சொல்லுங்கள்' என்று கேட்டு நேரலை மேகம் எழுப்பினாலும் தப்பில்லை. ஒரு சொல் என்று கட்டுப்படுத்தியதால் உருபுத் தொல்லை பாதி குறையும். அதை எண்ணிக்கையாக எங்கும் எழுதி வைக்காமல் இருந்தால் சரி.

பணம் ஒதுக்க, வரிசைப்படுத்த, அதிகாரியிடம் மனு கொடுக்க என்றால் பட்டையும் அதன் கீழே மேற்கோளும். கிராம ஊராட்சி என்றால் இது இன்னும் பொருந்தும். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபை. அங்கே வேலை நடப்பது தீர்மானப் புத்தகத்தில். 'இத்தனை வீட்டார் இன்ன தெருவில் இன்னது கேட்டார்கள்' என்று அதில் எழுதலாம். மேகத்தை எந்த வாக்கியமாக எழுதுவது?

எங்கள் விஷயத்தில் மேகம் ஃப்ளெக்ஸுக்குப் போனது, 'வேண்டும்' இல்லாமல். கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது பட்டைத் தாளை எடுத்துப்போனோம். அவர் விரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்து மூன்றாவது பட்டையில் நிறுத்தினார். "விளக்கு எந்தெந்தத் தெரு?" என்றார். தலைவர் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் தெருவாரி அட்டவணை இருந்தது.